மீட்டருக்கு இந்தப் பக்கம்

மலேசியாவின் கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் பைப் வேலைக்குப் போகும் என்னிடம் வீட்டுக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு. "எவ்வளவு ஆகும்?" என்பது ஒன்று. "இதைத் தண்ணி ஆபீஸ்லேருந்து வந்து செய்ய மாட்டாங்களா?" என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பதில் சொல்லாமல் முதலாவதற்குப் பதில் சொன்னால், எவ்வளவு குறைவாகச் சொன்னாலும் அது அவர்களுக்கு அநியாய விலையாகத்தான் படும். அதனால் எப்போதும் மீட்டரிலிருந்தே தொடங்குவேன். சாலையோரத்துப் பெரிய குழாயிலிருந்து உங்கள் வேலியோரத்து மீட்டர் வரைக்கும், நீங்கள் தண்ணி ஆபீஸ் என்று சொல்லும் ஆயர் சிலாங்கூரின் பொறுப்பு. மீட்டரும் அவர்களுடையது. அதைத் தாண்டி உள்ளே வரும் ஒவ்வோர் அடிக் குழாயும், கூரைக்கடியில் இருக்கும் தாங்கியும், சுவருக்குள் போகும் வளைவுகளும் வீட்டுக்காரருடையவை. அங்கே கசிகிற தண்ணீருக்கும் மீட்டர் சுற்றும். பில் வந்துவிடும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது மனத்தில் பதிய நாளாகும். ஏன் என்று எனக்குத் தெரியும், நானும் லயத்துப் பிள்ளைதான். அப்பா தோட்டத்தில் ஃபிட்டர். குளத்துத் தண்ணீரை இஞ்சின் வைத்து மேட்டுத் தாங்கிக்கு ஏற்றுவது, படிகாரம் போட்டுத் தெளிய விடுவது, குளோரின் கலப்பது, காலையிலும் மாலையிலும் வால்வைத் திறந்து லயங்களுக்கு விடுவது, எல்லாம் அவர் வேலை. எந்த லயத்தில் குழாய் உடைந்தாலும் பிள்ளைகள் ஓடிவந்து அவரிடம் சொல்வார்கள். அவர் ஸ்டோரில் கையெழுத்துப் போட்டுச் சாமான் எடுத்துக்கொண்டு போய்க் கட்டிவிட்டு வருவார். யாரும் காசைப் பற்றிப் பேசியதில்லை. பேச வேண்டியதுமில்லை. தொழிலாளர் குடியிருப்புக்கு நிர்வாகம் போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்று 446-ஆம் எண் சட்டம் சொல்கிறது. தண்ணீர் வராத நாளில் கிராணியிடம் போய்ச் சத்தம் போட நம் ஆட்களுக்கு உரிமை இருந்தது.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் என்று சுற்றிலும் வீடமைப்புத் தாமான்கள் எழும்பின. பெஸ்தாரி ஜெயாவைப் பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள், 2007-இல்தான் பெயர் மாறியது. வருங்கால வைப்பு நிதியை எடுத்தும், பிள்ளைகளின் சம்பளத்தைக் காட்டிக் கடன் வாங்கியும் நம் ஆட்கள் மலிவு விலை வீடுகளுக்குள் போனார்கள். சொந்த வீடு, சொந்தச் சாவி. குழாயும் இனிச் சொந்தம் என்பதை மட்டும் அன்றைக்கு அவர்களிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் அரைகுறை வேலைக்காரர்கள் நுழைந்தார்கள்.

ஈஜோக் பக்கம் ஒரு தாமானில் நடந்ததைச் சொல்கிறேன். பால் மரம் வெட்டி ஓய்வு பெற்ற ஓர் அக்கா, தனியாக இருந்தார். 2008 முதல் சிலாங்கூரில் மாதத்துக்கு முதல் 20 கன மீட்டர் தண்ணீர் அன்றைக்கு எல்லா வீட்டுக்கும் இலவசமாக இருந்ததால் அவருக்குப் பில் வந்தாலும் கட்ட வேண்டிய தொகை இருக்காது. திடீரென்று 65 வெள்ளி 45 காசு என்று வந்திருந்தது. அடுத்த மாதமும் அப்படியே. "தம்பி, நான் ஒருத்தி. சமைக்கிறேன், குளிக்கிறேன், வாசல்ல ரெண்டு செடிக்கு ஊத்துறேன். இதுக்கு இவ்வளவா?" என்றார். மீட்டர் கெட்டுவிட்டது, ஆபீஸில் போய்ச் சண்டை போடு என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தார்கள்.

பில்லைத் திருப்பிக் கணக்குப் பார்த்தேன். அன்றைய கட்டணத்தில் 20 கன மீட்டருக்கு மேல் 35 வரைக்கும் ஒரு வெள்ளி 3 காசு, 35-க்கு மேல் 2 வெள்ளி. 65.45 என்றால் 60 கன மீட்டர் ஓடியிருக்கிறது, அதாவது 60,000 லிட்டர். அதில் 20,000 அவருடைய செலவு என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மீதி 40,000 லிட்டர் எங்கேயோ போகிறது. ஒரு மாதத்துக்குப் பிரித்தால் நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்கும் குறைவுதான். குழாயை இலேசாகத் திறந்துவிட்டால் வரும் தண்ணீர் அது. சத்தமே கேட்காது. மண்ணுக்குள் போய்விட்டால் கண்ணிலும் படாது. ஆனால் இரவும் பகலும் ஓடும்.

மீட்டர் முகப்பில் எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போன்ற ஒரு சின்னச் சக்கரம் இருக்கும். வீட்டில் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு அதைத்தான் பார்க்க வேண்டும். அது நின்றால் கசிவில்லை. அக்கா வீட்டில் மெதுவாக, நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. மீட்டருக்கு அடுத்திருக்கும் வால்வை மூடினேன், நின்றது. மீட்டர் நல்ல மீட்டர், கசிவு வீட்டுக்குள் என்று தெரிந்துவிட்டது. வால்வைத் திறந்து, தாங்கிக்கு ஏறும் குழாயை மட்டும் அடைத்தேன். மறுபடி சுற்றியது. அப்படியானால் தாங்கியும் அதிலிருந்து இறங்கும் குளியலறைக் குழாய்களும் குற்றமற்றவை. நம் வீடுகளில் சமையலறைக் குழாய்க்கும் தாங்கிக்கும் மட்டும்தான் வெளிக்குழாயின் நேரடித் தண்ணீர் போகும், மற்றதெல்லாம் தாங்கித் தண்ணீர். மிச்சமிருந்தது சமையலறைக்குப் போகும் குழாய். அது பின்பக்கம் இழுத்துக் கட்டிய புதுச் சமையலறைக்குத் தரைக்கடியில் போயிருந்தது.

இங்கே இந்த மண்ணைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. கோலா சிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் வரை கடற்கரையோரம் முழுக்க மிருதுவான களிமண். உள்ளே ராஜா மூசா பக்கம் போனால் மக்கிய வேரும் இலையுமாக, தீப்பிடித்தால் நாள்கணக்கில் புகையும் மண். இரண்டுமே பாரம் வைத்தால் அமுங்கும். மேம்பாட்டாளர் கட்டிய வீடு பைலிங் மேல் நிற்கிறது, அது அசையாது. நாம் பிறகு இழுத்துக் கட்டிய சமையலறைக்குப் பைலிங் கிடையாது, அது வருடத்துக்கு வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பழைய சுவரும் புதுச் சுவரும் சேருகிற இடத்தில் விரல் நுழையும் விரிசலை இந்த வட்டாரத்தில் பார்க்காத வீட்டுக்காரர் இருக்க மாட்டார். அந்த விரிசலுக்குக் குறுக்கே தரைக்குள் ஒரு குழாயை விறைப்பாகச் சிமெண்டு போட்டுப் புதைத்தால் என்ன நடக்கும்? வீட்டின் ஒரு பாதி நிற்கிறது, மறு பாதி இறங்குகிறது, நடுவில் குழாய் முறிகிறது.

அக்கா வீட்டில் அதுதான். வளைவுக்குப் பக்கத்தில் பசை ஒட்டு பிளந்திருந்தது. தோண்டிப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. அதே இடத்தை அதற்கு முந்தைய வருடம் யாரோ ஒருமுறை "சரி" செய்திருக்கிறார்கள். குழாய்க்குள் தண்ணீர் வடிந்துகொண்டிருக்கும்போதே பசை பூசிச் செருகி, அன்றைக்கே மேலே சிமெண்டு பூசியிருக்கிறார்கள். ஈரத்தில் அந்தப் பசை பிடிக்காது. இரண்டு முனையையும் துடைத்து, காய்ந்ததும் பசை பூசி, செருகிக் கால் திருப்புத் திருப்பி, அசையாமல் வைத்துக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புக்கு நேரம் ஒதுக்காதவருக்கு அக்கா 180 வெள்ளி கொடுத்திருந்தார். ஓடு பதிக்க வந்தவருக்குத் தனி.

நான் தரையை மேலும் உடைக்கவில்லை. பழைய வழியை அப்படியே அடைத்துக் கைவிட்டுவிட்டு, வெளிச்சுவரில் நிழல் விழும் பக்கமாகக் கிளிப் அடித்துப் புதுக் குழாய் கொண்டுபோனேன். சுவர்கள் சேரும் இடத்தில் மட்டும் வளைந்து கொடுக்கும் குழாய் ஒரு துண்டு. சமையலறைக்குத் தனியாக ஒரு வால்வு. பார்வைக்கு அழகு குறைவுதான். ஆனால் நாளைக்குச் சமையலறை இன்னும் ஓர் அங்குலம் இறங்கினாலும் அந்தக் குழாய் கூடவே இறங்கும். கசிந்தால் கண்ணுக்குத் தெரியும். இந்த மண்ணில் குழாயைத் தரைக்குள் ஒளித்து வைக்காதீர்கள் என்பதை நான் எல்லா வீட்டிலும் சொல்கிறேன். ஓட்டின் அழகுக்காக மறுப்பவர்கள்தான் அதிகம், அதில் எனக்கு வருத்தம் உண்டு.

செலவைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். நான் போய்ப் பார்க்க 50 வெள்ளி, வேலை தந்தால் அதைக் கழித்துக்கொள்வேன். குழாய்த் தலை மாற்ற, தாங்கி மிதவை வால்வு மாற்ற, கழிவறைத் தொட்டி ஒழுகலை நிறுத்த என்று ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலைகளுக்குக் கூலி 60-லிருந்து 100-க்குள். சாமானை நீங்களே ஹார்ட்வேர் கடையில் வாங்கித் தந்தாலும் எனக்குச் சம்மதம், தேசியத் தண்ணீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் அங்கீகாரம் உள்ள சாமானாக இருந்தால் போதும். தாங்கி மாற்றுவது, கசிவு தேடி உடைப்பது என்று வந்தால் 300-க்கு மேல்தான். பழைய இரும்புக் குழாய் முழுவதையும் மாற்றுகிற வேலை ஆயிரக்கணக்கில் போகும். அதற்கு மட்டும் ஒருவரிடம் விலை கேட்டு முடிவு செய்யாதீர்கள், இரண்டு மூன்று பேரை வரவழைத்து எழுத்தில் வாங்குங்கள்.

இரும்புக் குழாய் என்றதும் ஞாபகம் வருகிறது. முப்பது வயதைத் தாண்டிய வீடுகளில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் இன்னும் இருக்கிறது. வெளியே பார்த்தால் சாம்பல் நிறத்தில் திடமாகத் தெரியும். ஒரு துண்டை அறுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினால் வீட்டுக்காரர் பேச மாட்டார். அரை அங்குல வழி அடைத்து, துருக் கட்டிகளுக்கு நடுவில் பென்சில் நுழையும் ஓட்டைதான் மிஞ்சியிருக்கும். குளியலறையில் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று பம்ப் வாங்கி வைத்தவர்கள் எத்தனையோ பேர். அந்தத் துருப்பிடித்த குழாயில் பம்ப் வைத்து அழுத்தினால் மெலிந்த இடத்தில் பிய்த்துக்கொள்ளும். பம்ப் விற்கிற கடைக்காரர் வீட்டுக்கு வந்து குழாயைப் பார்ப்பதில்லை.

இனி உரிமம். 2006-இல் இயற்றிய 655-ஆம் எண் தண்ணீர்ச் சேவைச் சட்டம் 2008 ஜனவரி முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய் வேலை செய்கிறவர் ஸ்பானிடம் பெர்மிட் வைத்திருக்க வேண்டும். கட்டுமான இடத்துக்குள் போக, கட்டுமானத் துறை வாரியமான சிஐடிபியின் பச்சை அட்டை வேறு. பெர்மிட் வைத்திருக்கிற எல்லோரும் நல்ல கைக்காரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெர்மிட் இல்லாத எங்கள் தோட்டத்துப் பையன்களில் அருமையான வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், எனக்கே தெரியும். ஆனாலும் நீங்கள் பெர்மிட் கேட்க வேண்டும். காரணம் எளிது. சுவரை மூடிய பிறகு தப்பு தெரிய ஒரு வருடம் ஆகலாம். அன்றைக்கு அந்த வேலைக்குப் பொறுப்பேற்க பெயரும் எண்ணும் உள்ள ஓர் ஆள் வேண்டும். கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டுப் போனவரை எங்கே தேடுவது? புதுக் குழாய் இணைப்புக்கு விண்ணப்பம் போடுவதும் பெர்மிட்காரர் மூலமாகத்தான் நடக்கும். ஆகவே வேலை தொடங்கும் முன் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நேர்மையானவர் கோபப்பட மாட்டார்.

அந்தப் பையன்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிச் சான்றிதழ் இல்லை என்று தயங்க வேண்டாம். செய்த வேலையின் படங்கள், ரசீதுகள், முதலாளியின் கடிதம் இவற்றைக் கோப்பாக்கிக் காட்டினால் அனுபவத்தை மதிப்பிட்டு மலேசியத் திறன் சான்றிதழ் தரும் வழி திறன் மேம்பாட்டுத் துறையில் இருக்கிறது. ஆகவே இன்றைக்கே கைப்பேசியில் வேலைகளைப் படம் எடுத்து வைக்கத் தொடங்குங்கள். என் அக்காள் மகன் கனடாவில், டொரோண்டோ பக்கம் பிளம்பராக இருக்கிறான். அந்த ஒன்டாரியோ மாகாணத்தில் தொழில் பயில்பவனாகப் பதிந்து, வேலையும் வகுப்புமாக 9,000 மணி நேரம் முடித்து, பரீட்சையும் தேறினால்தான் தேர்ந்த பிளம்பர் என்று சொல்லிக்கொள்ள முடியும். கிட்டத்தட்ட ஐந்து வருடம். அங்கே குளிரில் குழாய்த் தண்ணீர் உறைகிறது. உறையும் தண்ணீர் ஏறக்குறைய ஒன்பது விழுக்காடு பருக்கிறது, நடுவில் மாட்டிய தண்ணீருக்குப் போக இடமில்லாமல் அழுத்தம் ஏறிக் குழாய் வெடிக்கிறது. தவறான சுவரில் குழாய் வைத்தால் அந்தக் குளிர்காலத்திலேயே வீடு நனைந்துவிடும். அதனால் அங்கே மக்கள் தேர்ந்த ஆளைத்தான் கூப்பிடுகிறார்கள், மணிக்கு எவ்வளவு என்றாலும் கொடுக்கிறார்கள்.

நமக்குப் பனி கிடையாது. ஆனால் நமக்கு வேறொன்று உண்டு: தண்ணீர் வெட்டு. 2014-இல் வறட்சியால் பங்கீடு வந்தது. 2020 செப்டம்பர் 3-ஆம் தேதி ரவாங்கில் ஆற்றில் யாரோ கலந்த கழிவின் வாடையால் சிலாங்கூர் ஆற்றின் மூன்று கட்டத் தண்ணீர்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரந்தாவ் பாஞ்சாங் ஆலையும் ஒரே நாளில் நின்றன. ஏறத்தாழ 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. எங்கள் பெஸ்தாரி ஜெயா பக்கத்து ஆற்றுத் தண்ணீரை நம்பித்தான் கோலாலம்பூர் குடிக்கிறது என்பது பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்த நாங்களும் அன்று லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றோம். ஆற்றைக் கெடுக்கிறவர்கள் மேல் எனக்கு இன்றும் ஆறாத கோபம் இருக்கிறது.

தண்ணீர் நிற்கும்போது எனக்கு அழைப்பு வராது. திரும்பி வரும்போதுதான் வரும். காலியாகிக் கிடந்த பெரிய குழாய்களில் காற்று நிரம்பியிருக்கும், அடியில் தங்கியிருந்த மண்ணும் துருவும் கிளம்பியிருக்கும். தண்ணீர் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகிற வேகத்தில் குழாய் அதிரும். பலவீனமான ஒட்டு அப்போதுதான் விடும். மண் துகள் தாங்கியின் மிதவை வால்வில் மாட்டிக்கொண்டு அது மூடாமல் நின்றுவிடும், தாங்கி நிரம்பி வழிந்து கூரைப் பலகை ஊறும். இதைத் தடுக்கப் பிளம்பர் வேண்டியதில்லை. வெட்டு என்று அறிவித்ததும் மீட்டருக்கு அடுத்த வால்வை மூடுங்கள். தண்ணீர் வந்த பிறகு தாங்கிக்குப் போகிறதை அடைத்துவிட்டு, மீட்டர் வால்வைத் திறந்து, சமையலறைக் குழாயை முதலில் மெதுவாகத் திறந்து, காற்றும் பழுப்பும் போய்த் தெளிந்த பிறகு தாங்கிக்கு விடுங்கள். அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருக்கிற எல்லோருக்கும், பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை திருப்பிப் பாருங்கள். திருப்பாமலே விட்டால் அவசரத்தில் இறுகிக்கொள்ளும்.

பெரிய வேலை செய்கிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். புதுக் குழாய் போட்டதும், ஓடு ஒட்டுவதற்கும் சிமெண்டு பூசுவதற்கும் முன்னால், எல்லா முனைகளையும் அடைத்துக் கை பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்க்க வேண்டும். சாதாரணமாக வீட்டில் இருக்கும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிவிட்டு, அழுத்தமானியின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது. நான் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் அதைச் செய்வேன். முள் அசையவில்லை என்றால் அவரையே குழாய் போன பாதையைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்வேன். பின்னாளில் ஆணி அடிக்கும்போதும் அலமாரி மாட்டும்போதும் அந்தப் படம் உதவும். சோதனைக்கு ஆகிற நேரமும் கூலிக்குள் அடக்கம்தான். நீங்கள் கொடுக்கிற பணத்தில் பெரும்பங்கு அந்தச் சோதனைக்குத்தான் என்று நினைத்துக் கொடுங்கள்.

சுவரை மூடுவதற்கு முன்னால் அழுத்தச் சோதனையைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். மறுக்கிறவர் எவ்வளவு குறைவாக விலை சொன்னாலும், சொந்தக்காரராகவே இருந்தாலும், வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள்.